அமுக்குணி: திட்டா, பாராட்டா?

பெங்களூரில் வளர்ந்து மதுரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர் நீங்கள். புது வேலைக்கு நேர்காணல் போய்வந்ததை, உத்தரவு கைக்கு வரும்வரை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. உத்தரவு வந்த அன்று உங்கள் நாத்தனார் "அண்ணி சரியான அமுக்குணி!" என்று சொல்ல, வீடே சிரித்திருக்கிறது. நீங்களும் சிரித்துவிட்டு, இரவு அகராதியைப் புரட்டினால் உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுபவர் என்கிற மாதிரிப் பொருள் போட்டிருக்கிறது. அதிலிருந்து மனசு சரியில்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது, பேச்சைக் குறைத்துக்கொண்டு இருப்பவர்களை எல்லாம் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமுக்குணியா, அமுக்கினியா என்றும் ஒரு சந்தேகம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாத்தனார் சொன்னது திட்டு இல்லை. "எங்கிட்டகூடச் சொல்லலையே" என்கிற குறையைச் சிரிப்போடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அகராதி போட்டிருப்பதும் பொய் இல்லை. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

சொல்லின் வேர் அமுக்கு. இதில் மர்மம் எதுவும் இல்லை. "காலைக் கொஞ்சம் அமுக்கி விடு" என்கிறோம். பெட்டி மூட வரவில்லை என்றால் துணியை அமுக்கி மூடுகிறோம். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே ஞாபகம் வருவது புளிப்பானை. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை தட்டுவார்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகு, மண்பானையில் ஒரு கை புளி, அதன் மேல் கல்லுப்பு, மறுபடி புளி என்று போட்டுக்கொண்டே பெரியம்மா கையை முட்டியாக மடக்கி அமுக்குவார். முற்றத்தில் குவித்துக் கிடந்தபோது இரண்டு பானைக்கு வரும் என்று தோன்றிய புளி, கடைசியில் ஒரே பானைக்குள் போய்விடும். வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டிப் பரணில் ஏற்றிவிட்டால் அடுத்த வருஷம் வரை அது பாட்டுக்கு இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாப் பானையும் போல ஒரு பானை. கையை விட்டுப் பெயர்த்து எடுக்கும்போதுதான் உள்ளே எவ்வளவு அடைந்து கிடக்கிறது என்று தெரியும். மனுஷர்களில் இப்படி இருப்பவரைத்தான் அமுக்குணி என்கிறோம்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் குணமே அங்கேதான் இருக்கிறது. தமிழில் அமுங்கு, அமுக்கு என்று இரண்டு வினைகள் ஜோடியாக நிற்கின்றன. தானாக நடந்தால் அமுங்கு, ஒருவர் செய்தால் அமுக்கு. அடங்கு, அடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு, முடங்கு, முடக்கு, கலங்கு, கலக்கு என்று இதே அச்சில் நிறைய உண்டு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். நடுவில் இருக்கிற மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறியதும், செய்கிற ஆள் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார்.

அமைதியானவர்களைப் பாராட்டும்போது நாம் எடுக்கிற சொல் எது? "அடக்கமான பொண்ணு", "அடக்க ஒடுக்கமா இருப்பா". அடக்கம், ஒடுக்கம் இரண்டிலும் வல்லெழுத்துதான் தெரிகிறது, ஆனால் அவை பிறந்தது அடங்கு, ஒடுங்கு என்ற தன்வினைகளிலிருந்து. இறங்கு என்பதிலிருந்து இறக்கமும் மயங்கு என்பதிலிருந்து மயக்கமும் வந்த மாதிரி. ஆகவே அடக்கமானவர் தானாக அடங்கி இருக்கிறவர். அவர் எதையும் அடக்கி வைத்திருக்கிறார் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. அமுக்குணியோ நேராக அமுக்கு என்ற பிறவினையிலிருந்து வந்தது. அமுக்கினார் என்றால் "எதை?" என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விக்குப் பதில் அந்தச் சொல்லுக்குள் இல்லை. கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நல்ல சேதியை அமுக்கியிருந்தால் செல்லமாகவும், கெட்ட காரியத்தை அமுக்கியிருந்தால் திட்டாகவும் ஆவது இதனால்தான்.

அகராதியில் நீங்கள் பார்த்த கசப்பு எங்கிருந்து வந்தது என்பதும் இதே வினையைப் பார்த்தால் தெரியும். "பொதுப்பணத்தை அமுக்கிட்டான்." "கேஸையே அமுக்கிட்டாங்க." "தப்பிக்கப் பார்த்தான், பஸ் ஸ்டாண்டில வச்சு அமுக்கிட்டாங்க." நடுத்தூக்கத்தில் விழிப்பு வந்தும் கை காலை அசைக்க முடியாமல் நெஞ்சில் பாரம் ஏறினாற்போல் இருந்தால், அதற்குக் கிராமத்தில் அமுக்குவான் பேய் என்று பெயர். இப்படிப் பல இடங்களில் அமுக்கு என்பது சத்தம் வராமல் நடக்கிற காரியமாக இருக்கிறது. அந்த வாடை அமுக்குணியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பின்னால் வருகிற 'உணி'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதற்கெடுத்தாலும் அழுகிற பிள்ளையை அழுகுணி என்கிறோமே, அதே வால்தான் இது. ஒரு பழக்கமே குணமாகிப் போனவரைச் சுட்டுகிற வால். கொஞ்சம் இளக்காரம் கலந்தது, ஆனால் வெறுப்பு இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. அண்ணனும் அமுக்குணிதான், அண்ணியும் அமுக்குணிதான். அமுக்கன் என்றும் ஒரு சொல் உண்டு. அது ஆணுக்கு மட்டும், இன்னும் கொஞ்சம் கடுமை. அக்கம்பக்கத்து மொழிகளிலும் வேர் அப்படியே இருக்கிறது. மலையாளத்தில் அமுக்குக என்றாலும் கன்னடத்தில் அமுகு என்றாலும் அழுத்துவதுதான். பெங்களூரில் வளர்ந்த உங்கள் காதில் இரண்டாவது விழுந்திருக்கும்.

அமைதி, அமர் என்ற சொற்களோடு அமுக்குணியைச் சேர்த்து, எல்லாம் ஒரே குடும்பம், ஆகவே அமுக்குணி என்றால் அமைதியானவர்தான் என்று சிலர் பெருமையாக விளக்குவார்கள். ஓசை நெருக்கமாகத்தான் இருக்கிறது. மலையாளத்தில் பொத்தானை அழுத்துவதற்கு அமர்த்துக என்பதால் பொருளும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அமர்ந்திருப்பவர் மேல் பாரம் எதுவும் இல்லை. அமுக்கு என்றால் அங்கே ஒரு கையும் இருக்கிறது, அதை எதிர்த்துக் கீழேயிருந்து முட்டுகிற ஒன்றும் இருக்கிறது. குளத்தில் வெறுங்குடத்தைக் கவிழ்த்து அமுக்கிப் பாருங்கள், கையை மேலே தள்ளும். கழுத்துவரை வந்து நிற்கிற வார்த்தையை உள்ளே தள்ளி வைப்பதும் அப்படித்தான். அமுக்குணி சும்மா இருப்பதாகத் தெரிகிறதே தவிர, சும்மா இருப்பதில்லை.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இலங்கைத் தமிழில் இருக்கிறது. பௌதிகப் பாடத்தில் நாம் அழுத்தம் என்று படித்ததை அங்கே அமுக்கம் என்று படிக்கிறார்கள். நமக்கு ரத்த அழுத்தம், அவர்களுக்குக் குருதி அமுக்கம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சென்னை வானொலி சொல்கிற அதே நாளில், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று அங்கே செய்தி வரும். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டில் வாயைத் திறக்காத ஆளுக்கு அமுக்குணிக்கு அடுத்தபடி வழங்குகிற பெயர் என்ன என்று யோசியுங்கள். "அவ அழுத்தக்காரி", "சரியான அழுத்தம் புடிச்சவன்", "ரொம்ப அழுத்தமான ஆளு". கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றின் பாரத்தைச் சொல்ல எடுத்த இரண்டு சொற்களுமே, இங்கே வீட்டுக்குள் பேசாமல் இருக்கும் ஆளைச் சொல்லவும் ஏற்கெனவே உதவிக்கொண்டிருந்தவை. மழைக்கு முன்னால் காற்று நின்றுபோனால் "என்ன இப்படி இறுக்கமா இருக்கு" என்கிறோம். முகம் கொடுத்துப் பேசாதவரையும் "இறுக்கமான ஆளு" என்றுதான் சொல்கிறோம். தமிழ் காதுக்கு, பேசாத மனுஷர் என்றால் உள்ளே எதுவும் இல்லாதவர் என்று படுவதே இல்லை. உள்ளே நிறைய இருக்கிறது, அது அழுந்திக் கிடக்கிறது என்றுதான் படுகிறது. எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதைக் கவனித்த பிறகுதான்.

அழுத்தத்துக்கும் அமுக்குணிக்கும் நடுவில் ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கிறது. அழுத்தக்காரி எதையோ மறைக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரியும், ஆனால் எவ்வளவு கேட்டாலும் வாயிலிருந்து வராது. நெஞ்சழுத்தம் என்று அதையே இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். அமுக்குணி விஷயத்தில், அங்கே மறைக்க ஒன்று இருந்தது என்பதே கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டில் யாரும் உங்களிடம் துருவிக் கேட்கவில்லை, நீங்களும் மறுக்கவில்லை. ஆகவே நாத்தனார் சரியான சொல்லைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

பேச்சைக் குறைத்தவர்களுக்குத் தமிழில் இன்னும் எத்தனையோ பெயர்கள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளைச் சொல்கிறது. சாது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர் நேராகப் போய்ச் சேர்வது, முடித்துக் காட்டுவது என்ற பொருள் உடையது. சாதனை, சாதித்தல், சாதகம் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. வடக்கே சாது என்றால் துறவி. நம் வீட்டுப் பேச்சுக்கு வரும்போது துறவு கழன்றுபோய், யாருக்கும் தீங்கு நினைக்காத, அதிர்ந்து பேசாத ஆளாக ஆகிவிட்டது. ஆள் மட்டும் என்ன, "பயப்படாம தடவிக் குடு, சாதுவான மாடு, முட்டாது" என்று மாட்டைக்கூடச் சொல்வோம். சாதித்தவருக்கு உறவான ஒரு சொல், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவருக்குப் பெயராகிப் போனதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் பழைய வலு முழுக்கப் போய்விடவும் இல்லை போலிருக்கிறது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்ற பழமொழி அதைத்தானே சொல்கிறது.

ஊமைக்கோட்டான் என்பது அமுக்குணிக்கு மிக நெருங்கியது, ஆனால் ஒரு படி கடுமை. கோட்டான் என்றால் ஆந்தை வகை. பகலெல்லாம் பொந்தில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இரவில் இரை தேடப் போகிற பறவை. ஊமை என்ற முன்சொல் தமிழில் என்னென்ன வேலை பார்க்கிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். ஊமைக்காயம் என்றால் மேலே ரத்தம் தெரியாமல் உள்ளே கன்றிப்போன காயம். ஊமைவெயில் என்றால் மேகமூட்டத்துக்குள் இருந்துகொண்டே வாட்டுகிற வெயில். ஊமைக்குசும்பு என்றால் முகத்தில் காட்டாமல் செய்கிற குறும்பு. எல்லாவற்றிலும் வெளியே சத்தம் இல்லை, உள்ளே வேலை நடக்கிறது. (பேச்சுக் குறையால் ஊமைத்துரை என்று பெயர் பெற்ற கட்டபொம்மனின் தம்பியும் என் நினைவுக்கு வருகிறார். அவர் விஷயத்தில் ஊமை என்பது உடற்குறை, குணம் இல்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிக் கும்பினிப் படையைத் திணற அடித்தவர் அவர்.)

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உம்மணாமூஞ்சி என்பது சிரிக்காத முகத்தைப் பற்றியது, இரகசியத்தைப் பற்றியது இல்லை. உதட்டை மூடினால் வருகிற 'உம்' என்ற ஒலியே அதில் இருக்கிறது. கல்லுளிமங்கன் எவ்வளவு அதட்டினாலும் அசையாத பிடிவாதக்காரன். அதைக் கள்ளத்தோடு சேர்த்துக் கள்ளுளிமங்கன் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைப்பூச்சி ஈரமண்ணில் பொந்து போட்டு வாழ்கிற பூச்சி, கொட்டாது. அதனால் அடங்கிக் கிடந்த ஆள் ஒருநாள் எதிர்த்துப் பேசிவிட்டால் பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்துவிட்டது என்பார்கள். கமுக்கம் என்ற சொல்லில் திட்டே கிடையாது, "கமுக்கமா இரு, பதிவு முடியட்டும்" என்று நிலம் வாங்குகிறவருக்கு யோசனை சொல்லும்போது வரும்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களை எல்லாம் அமுக்குணி என்று சொல்லலாமா என்று கேட்டீர்களே, கூடாது. நாலு பேர் கூடிய இடத்தில் களைத்துப்போய், தனியாக இருந்தால் தெம்பு பெறுகிறவர்களை இன்று ஆங்கிலத்தில் இன்ட்ரோவர்ட் என்கிறோம். கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல அறிஞர் 1921-ல் எழுதிய நூலின் வழியாகப் பரவிய சொல் அது. தமிழில் அகமுகர், உள்முகர் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அது ஒருவருடைய இயல்பைச் சொல்கிற சொல். அப்படிப்பட்டவர் தன் தங்கையிடம் மனசைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டுகிறவராகவும் இருக்கலாம். அமுக்குணியோ வாயாடியாகக்கூட இருப்பார். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். குழாயடியில் அவர் நின்றால் கூட்டமே சேரும், ஊர்க்கதை அத்தனையும் அவரிடம் உண்டு. மகளுக்கு மாப்பிள்ளை பேசி, பூ வைத்து, பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கே சேதி தெரிந்தது. "பேசுறதெல்லாம் பேசுவா, தன் வீட்டு விஷயம் ஒரு வரி வராது, அமுக்குணி" என்று அம்மா அப்போது சொன்னது சரியாகத்தான் பட்டது. எத்தனை வார்த்தை பேசுகிறார் என்ற கணக்கு இந்தச் சொல்லில் இல்லை. எந்த வார்த்தை வரவில்லை என்பதுதான் கணக்கு.

பேசாதவரைத் தப்புக்கணக்குப் போடாதே என்று சொல்கிற பழைய பாட்டு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ஔவையாரின் மூதுரையில், அடக்கம் உடையவரை அறிவில்லாதவர் என்று எண்ணி ஜெயித்துவிடப் பார்க்காதே என்று ஆரம்பித்து, "மடைத்தலையில் ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு" என்று முடியும். வாய்க்கால் மடையில் சின்ன மீன்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கொக்கு அவற்றைத் தொடவில்லை, தனக்கு ஏற்ற மீன் வரும்வரை சோர்ந்துபோன மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. அந்த 'வாடி' என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மீன் கண்ணுக்கு அது வாட்டம். ஔவை இதை அடக்கம் என்கிறார். அதே கொக்கைப் பற்றி மீன்களிடம் கேட்டிருந்தால் அமுக்குணி என்றுதான் சொல்லியிருக்கும்.

இதிலிருந்துதான் இந்தச் சொல்லைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். அமுக்குணி என்ற சொல் எப்போது வாயிலிருந்து வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? விஷயம் வெளியே வந்த பிறகுதான். நேற்றுவரை உங்களை "அண்ணி அமைதியானவங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உத்தரவு வந்த நிமிஷத்தில் அந்த அமைதி முழுக்க அமுக்கலாக மாறிவிட்டது. இன்னொன்று, முன்பின் தெரியாத ஆளை யாரும் அமுக்குணி என்று சொல்வதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பேசாமல் வந்தவர் அமுக்குணி ஆவதில்லை, அவர் நமக்குச் சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை. எனக்குச் சொல்லியிருக்கலாமே என்ற உரிமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தச் சொல் பிறக்கும்.

எங்கள் சின்ன மாமாவை வைத்துச் சொல்கிறேன். அம்மாவின் கடைசித் தம்பி. பகலில் தாத்தாவோடு வயலுக்குப் போவார். ராத்திரி திண்ணையில் அரிக்கேன் விளக்கு எரியும், ஏதோ படிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், என்ன படிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் தபால்காரர் ஒரு நீளமான பழுப்பு உறையோடு வந்து கையெழுத்துக் கேட்டார். அரசு வேலை உத்தரவு. தேர்வுக்கு விண்ணப்பம் போட்டது, பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வந்தது எதுவும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாவு ஆட்டிக்கொண்டிருந்த பாட்டி, கை முழுக்க மாவோடு எழுந்து வந்து அவர் கன்னத்தைப் பிடித்து "அட அமுக்குணிப் பயலே!" என்றார். கன்னத்தில் ஒட்டிய மாவைத் துடைக்காமலே மாமா நின்றுகொண்டிருந்தார். அந்தச் சொல்லில் இருந்த பெருமையை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

பல வருஷம் கழித்து அதே மாமா நெஞ்சுவலியையும் அப்படியே வைத்துக்கொண்டார். வாய்வு என்று தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மூன்று வாரம் வேலைக்குப் போய்வந்திருக்கிறார். அத்தைக்குக்கூடத் தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெரியம்மா, புளி அமுக்குவாரே அதே பெரியம்மா, தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து "அமுக்குணி, அமுக்குணி, கடைசிவரைக்கும் அமுக்கிட்டியேடா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா" என்று அழுதார். சொல்லும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். முதல் தடவையும் சரி, இரண்டாவது தடவையும் சரி, அதற்குள் இருந்தது என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான். அப்புறம் எந்த அகராதியில் இதற்குக் கள்ளத்தனம் என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்தாலும் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

பெண்கள் விஷயத்தில் இந்தச் சொல் அநியாயமாகவும் ஓடுகிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் அடக்கம் என்று மெச்சுகிறோம். அதே பெண் பேசாமலே இருந்து, தனக்குப் பிடித்தவரைத் தான் முடிவு செய்துகொண்டால், "அமுக்குணி மாதிரி இருந்துட்டு என்ன காரியம் பண்ணியிருக்கா பாரு" என்கிறோம். பேசாதே என்று வளர்த்தவர்களே, ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். இந்தப் பூனையும் இந்தப் பாலைக் குடிக்குமா என்ற பழமொழியும் அந்த நேரத்தில் கூடவே வந்துவிடும். கல்யாண வயதில் இருக்கிற பெண்ணை நோக்கி, சிரிப்பில்லாத குரலில், ஆள் இல்லாதபோது சொன்னால் அது திட்டுத்தான், வலிக்கவே செய்யும். அகராதிக்காரர் கேட்டு எழுதியது இதைத்தானோ என்னவோ.

உங்களிடம் சொன்னது அந்த ரகம் இல்லை என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள், 'அண்ணி' என்று உறவு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள், சேதியும் நல்ல சேதி. நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வது அந்த ஊரில் பாசத்தின் ஒரு பாகம். கல்யாணமாகி வந்த புதிதில் உங்களை யாரும் அமுக்குணி என்று சொல்லியிருக்க மாட்டார்கள், மரியாதையாக "அமைதியான பொண்ணு" என்று நிறுத்தியிருப்பார்கள். உங்கள் விஷயம் தனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிற அளவுக்கு இப்போது நெருங்கிவிட்டீர்கள். அடுத்த சேதி எதுவாக இருந்தாலும், வெளியே தெரிவதற்கு ஒருநாள் முன்னால் அவர் காதில் மட்டும் போட்டு வையுங்கள். அவரும் உங்களோடு சேர்ந்து அமுக்கி வைப்பார்.

எழுத்துக் கேள்விக்கு வருகிறேன். அமுக்குணி என்று எழுதுங்கள். அமுக்கினி என்பது பேச்சில் உகரம் இகரமாகத் தேய்ந்து வருவது, காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். தப்பு என்று அடிக்க மாட்டேன், ஆனால் அழுகுணியோடு சேர்த்துப் பார்த்தால் உகரம்தான் முறை. பலரைச் சொல்லும்போது அமுக்குணிகள். உங்கள் மாமியாரைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வேண்டி வந்தால் 'அர்' விகுதி எதுவும் சேராது, "அத்தை ஒரு அமுக்குணி" என்றுதான் வரும். அதை மட்டும் அவர் காதுபடச் சொல்லாதீர்கள். இந்தச் சொல் பெரியவர்கள் சின்னவர்களைச் சொல்வதும், ஒத்த வயதினர் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும்தான் வழக்கம்.